வெற்றிலைக்குப் பதிலாக

நான் பிறந்தபோது, வானவர்களான மலக்குகளே எனக்குச் சுன்னத் செய்து அனுப்பிவைத்திருக்கிறார்கள் என்று என் குடும்பம் சொல்லிக்கொண்டது. முன்தோல் நுனியை மூடாமல் குறியின் மேற்புறம், முதுகுப் பக்கமாக ஒரு முக்காடு போல ஒதுங்கிக் கிடந்ததாம். பார்த்த பெண்கள் குலவையிட்டார்களாம். மூத்திரத் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் பாதி வழியில் இருந்ததையும் சிலர் பார்த்திருப்பார்கள். பாக்கியம் என்று ஊரே சொல்லும்போது அதைத் திருப்பிப் பார்த்துக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? மலக்குகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். என் கோபமெல்லாம் அந்தச் செய்தியைத் தாராவி முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த என் மாமா மேல்தான்.

மாமா, உம்மாவின் அண்ணன். எங்கள் பக்கத்து முறைப்படி உம்மா அவரைக் காக்கா என்பாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் முதலில் பம்பாய்க்கு ரயிலேறியவர் அவர்தான். தாராவியில் தோல் கிடங்கு போட்டு, கொஞ்சம் தலையெடுத்ததும் தங்கையையும் தங்கை மாப்பிள்ளையையும் வரவழைத்துக்கொண்டார். வாப்பா அந்தக் கிடங்கில் ஆட்டுத்தோலுக்கு உப்புத் தடவினார். கிடங்குக்குப் பின்னால் மாமா கொடுத்த ஒற்றை அறையில் நாங்கள் இருந்தோம். சோறும் கூரையும் அவருடையது என்பதால் எங்கள் வீட்டில் பேச்சும் அவருடையதாகவே இருந்தது. வாப்பாவுக்கு என்று ஒரு கருத்து இருந்ததா என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது.

தோல் விஷயத்தில் மாமாவின் கண்ணுக்குத் தப்பி எதுவும் போக முடியாது. விரித்த தோலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உரித்தவன் கத்தி எங்கே தடுமாறியது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். "ஒரு கீறல் விழுந்தா போதும்ல, தோலு செத்துப் போச்சு! அப்புறம் எத்தன தச்சாலும் ஓட்ட ஓட்டதான்" என்று ஆட்களைப் பிடித்துக் கத்துவார். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் அவரைப் பற்றிச் சொல்லும்போது, பாவம், மனிதருக்குத் தெரியவில்லை என்று யாரும் இரக்கப்படக் கூடாது.

எங்கள் மார்க்கத்தில் ஆண்களும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும். தெறித்து உடம்பிலோ துணியிலோ பட்டால் தொழுகைக்கு ஆகாது. என் குறை மறைந்து கிடந்ததற்கு இதுதான் காரணம். வாப்பா உட்கார்ந்தார், மாமா உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். எங்கள் சந்தில் மற்றப் பையன்கள் சாக்கடையோரம் நின்றபடியே அடிப்பார்கள். அவர்களுடைய வாப்பாக்கள் காதைத் திருகி என்னைக் காட்டுவார்கள். "அந்தப் பிள்ளையப் பாருல. மலக்குமாரு கை பட்ட பிள்ள. எப்படிப் பேணுதலா உக்காருதான்!" நான் உட்கார்ந்தது பேணுதலால் அல்ல. நின்றால் காலோடு ஓடும், அவ்வளவுதான்.

முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு அந்தப் புகழ் எனக்குக் கசந்தது. இடைவேளையில் பையன்கள் பின்சுவரில் வரிசையாக நின்று, யாருடையது உயரே போகிறது என்று போட்டி போடுவார்கள். சுண்ணாம்பு உதிர்ந்த அந்தச் சுவரில் ஈரக்கோடுகள் ஏணிப்படி போல ஏறியிருக்கும். உலகத்தில் வேறு எதற்கும் நான் அப்படி ஏங்கியதில்லை. கணக்கில் முதலாவதாக வரவேண்டாம், புதுச் சட்டை வேண்டாம், அந்தச் சுவரில் மற்றவர்களோடு ஒரு தடவை நின்று அடித்தால் போதும். ஒரு நாள் துணிந்து நின்றும் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடச் சுவரைத் தொடவில்லை. தொடை, முழங்கால், கால்சட்டை எல்லாம் நனைந்தது. "டேய், இவன் பம்பு லீக்குடா!" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு மணி அடிக்கும்வரை ஓயவில்லை.

ஈரக் கால்சட்டையோடு வீட்டுக்கு வந்தவனை உம்மா முதலில் திட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "நின்னுக்கிட்டா போனே?" என்று கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். குழந்தையாக என்னைக் குளிப்பாட்டியவள்தானே, அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் படைத்தவன் வைத்ததை மனுஷி கேட்கக் கூடாது என்று அத்தனை வருஷம் வாயை மூடியிருந்தவள், அன்றைக்கு என் கால்சட்டையை அலசிப் பிழிந்துகொண்டே, "பாக்கியமாம் பாக்கியம்" என்றாள். மறுநாள் காலை வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என் கையைப் பிடித்துப் பஸ் ஏறிவிட்டாள். மாமாவிடம் சொல்லவில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. என்னைப் பார்த்த பெரிய டாக்டருக்குத் தமிழ் தெரியாது. உம்மாவுக்கு, தக்காளி வாங்குமளவுக்குத்தான் ஹிந்தி. அதனால் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு மாட்டுங்காத் தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவளும் டாக்டர்தான், சின்ன வயது, மூக்குத்தி. எங்கள் தமிழும் அவள் தமிழும் ஒன்றையொன்று பார்த்து முதலில் கொஞ்சம் முழித்தன.

"இதுக்கு ஹைப்போஸ்பேடியாஸ்னு பேர். பிறவியிலேயே வர்றது. யார் தப்பும் இல்லே. ரெண்டு ஆபரேஷன் பண்ணினா சரியாகும்" என்றாள் அவள். "முதல்ல வளைவை நிமிர்த்தணும். புண் நன்னா ஆறித் தோல் இளகினப்புறம், நுனி வரைக்கும் புதுசா குழாய் பண்ணணும்."

"குழாயா? எதுல செய்விய?" என்று உம்மா கேட்டாள்.

அந்த டாக்டரம்மா தன் கைக்குட்டையை எடுத்து விரலைச் சுற்றிச் சுருட்டிக் காட்டினாள். "இவனோட தோலாலேயேதான். முதுகுப் பக்கம் முக்காடு மாதிரித் தொங்கறது பாருங்கோ, இது வீண் தோல் இல்லே. எங்களுக்கு இருக்கிற ஒரே முதல் இதுதான். இதைத்தான் குழாயாச் சுருட்டணும், மேலே போத்தவும் இதுதான் வேணும். அதனால தப்பித்தவறிக்கூட சுன்னத் பண்ணிடப்படாது. எல்லாம் முடிஞ்சப்புறம் உங்க வழக்கப்படி இருக்கிற மாதிரி நாங்களே பண்ணிக் கொடுத்துடறோம். என்ன, புரிஞ்சுதா?"

"நின்னுக்கிட்டு போவானா?" என்றாள் உம்மா.

"நின்னுண்டு போவான். ஜம்முன்னு போவான்."

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் வந்த சுவர்களை எல்லாம் எனக்குச் சொந்தமாக்கிக்கொண்டே வந்தேன்.

மாமா குதித்தார். "மலக்கு செஞ்சத மனுசன் திருத்துறதா? ஜமாஅத்துல நான் எப்படில தல நிமிந்து நடப்பேன்?" அவர் தலை நிமிர்வதற்கும் என் குறி நிமிர்வதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே யாருமில்லை. வாப்பா கதவோரம் நின்று நகத்திலிருந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உம்மா மட்டும் அசையவில்லை. "நாளைக்கு இவனும் ஒரு பொண்ணக் கட்டணும்லா காக்கா" என்றாள் மெதுவாக. மாமா அறையை இரண்டு சுற்றுச் சுற்றினார். கடைசியில், "சரி, செய்யுங்க. ஆனா வெளிய மூச்சு விடப்படாது. குடலிறக்கம்னு சொல்லிக்கிடுவோம்" என்றார். அப்படித்தான் சொன்னோம். எங்கள் சந்துக்குக் குடலிறக்கம், ஜமாஅத்துக்குப் பாக்கியம், ஆஸ்பத்திரிக்கு ஹைப்போஸ்பேடியாஸ். ஒரு சின்ன உறுப்புக்கு மூன்று பெயர்.

முதல் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வளைவு நிமிர்ந்தது, புண் ஆறியது. டாக்டரம்மா முதுகுத் தோலை ஊசி முனையாலும் தொடவிடவில்லை என்று பெருமையாகச் சொன்னாள். அடுத்ததுக்குச் சில மாதம் பொறுக்க வேண்டும், அவசரப்பட்டால் தையல் பிடிக்காது என்றாள். நான் பொறுத்தேன். பின்சுவர் எங்கே போய்விடப் போகிறது?

அந்த இடைவெளியில்தான் மாமா தன் இரண்டு பையன்களுக்கும் சுன்னத் கல்யாணம் வைத்தார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம். சுன்னத் எப்போதும் ஒற்றைப்படையில்தான் செய்வார்கள். ஒரு பிள்ளை, இல்லையென்றால் மூன்று, ஐந்து. இரட்டைப்படையாக அமைந்துவிட்டால், தண்ணீர்ச் செம்பின் வாயில் ஒரு வெற்றிலையைச் செருகி, பிள்ளைகளுக்குச் செய்து முடித்த கையோடு அதையும் ஒரு வெட்டு வெட்டி, கணக்கை ஒற்றையாக்கிவிடுவார்கள். எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிவாசல் ஹஜ்ரத்தே இதைக் கேட்டுச் சிரிப்பார். இருந்தாலும் செம்பு வரும், வெற்றிலை வரும்.

மாமாவுக்கு வெற்றிலை போதவில்லை. "வெத்திலை என்னத்துக்கு? அந்த எடத்துல இவன உக்கார வைப்போம்" என்று என்னைக் காட்டினார். "கத்திய சும்மா காட்டிட்டு எடுத்திருவாரு. மலக்கு பாத்த பிள்ள பக்கத்துல இருந்தா எம்பிள்ளைகளுக்கும் பரக்கத்துலா?"

"தோலத் தொடப்படாது காக்கா. டாக்டரம்மா அத்தன சொல்லியிருக்கா" என்றாள் உம்மா.

"நான் என்ன சின்னப் பிள்ளையா? சும்மா உக்கார வைக்கேன்னு சொல்லுதேன்லா."

சும்மா என்கிற சொல்லை யார் சொன்னாலும் இன்றுவரை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவேன்.

கிடங்கைக் கழுவி, பாய் விரித்து, காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். கழுவினாலும் தோல் நாற்றம் போகவில்லை, ஊதுபத்தியோடு கலந்து இன்னும் மோசமாக இருந்தது. மூன்று பேருக்கும் ஒரே மாதிரிப் பச்சைக் கைலி, கழுத்தில் மல்லிகை மாலை, வாயில் சர்க்கரை. பெண்கள் திரைக்குப் பின்னால் சமையலில் இருந்தார்கள். வாப்பா வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தார். பிள்ளையை மடியில் பிடித்துக்கொள்வது தாய்மாமன் உரிமை. மாமாவின் பையன்களை அவர்களுடைய மாமா பிடித்தார். மூன்றாவதாக என் மாமா உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டார்.

சுன்னத் செய்கிற பெரியவர் கைலியை விலக்கிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இது பாதியில்லா நிக்கிது? முதுகுப் பக்கம் தோலு அப்படியே தொங்குதே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர், "மலக்கு செஞ்சதுன்னுல்லா சொன்னிய?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் மாமா நினைத்திருந்தால் ஒன்று சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு வைத்தியம் நடக்கிறது, தோலைத் தொடக் கூடாது என்று ஒரு வாக்கியம். குடலிறக்கம் என்று தான் சொன்ன பொய் உடைந்திருக்கும், பாக்கியம் என்று பெருமையடித்தது உடைந்திருக்கும். வேறொன்றும் உடைந்திருக்காது.

என் முழங்கால்களைப் பிடித்திருந்த அவர் கை இறுகியதை நான்தான் உணர்ந்தேன். "பாக்கியையும் முடிச்சிரும்" என்றார்.

நான் போட்ட சத்தத்தில் வாப்பா சர்பத் ஜாடியோடு உள்ளே ஓடிவந்தார். உம்மா திரையைத் தள்ளிக்கொண்டு வந்து, குனிந்து பார்த்தாள். பிறகு எழுந்து மாமாவைப் பார்த்தாள். சபை நிறைய ஆண்கள், அண்ணன் வீட்டு விசேஷம், அண்ணன் போடும் சோறு. என்னைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள். முன்னால் பிரியாணி பரிமாறினார்கள். நெய் தாராளமாக விட்டிருந்ததாக ஊரெல்லாம் பேச்சு.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா துணியை விலக்கியதும், "எங்கே அது?" என்றுதான் கேட்டாள். ஒரு பொருளைத் தொலைத்துவிட்ட பிள்ளையைக் கேட்பது போல இருந்தது. உம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் தெளிவாத்தானேம்மா சொன்னேன்?"

"சொன்னிய."

"பின்னே?"

"எங்க வீட்டுல நடந்துட்டு" என்றாள் உம்மா. அண்ணன் பெயரை அங்கேயும் அவள் சொல்லவில்லை. டாக்டரம்மா கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய டாக்டர் வந்து பார்த்து ஹிந்தியில் உம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். புரியாத மொழியிலும் வசவு புரிந்துவிடுகிறது.

இருந்தாலும் அவர்கள் கைவிடவில்லை. மிச்சமிருந்த தோலை இழுத்துப் பிடித்துக் குழாய் செய்தார்கள். புண் பழுக்காமல், தையல் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இனி உம்மாவின் வேலை என்று டாக்டரம்மா பாடம் எடுத்தாள். கட்டு நனையக் கூடாது. நான் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். போர்வை மேலே உரசக் கூடாது. மூத்திரம் தையல் பக்கம் போகாமலிருக்க, கீழே தனியாக வழி வைத்து ஒரு ரப்பர் குழாயைக் கட்டிலடியில் இருந்த புட்டியில் விட்டிருந்தார்கள். அந்தக் குழாய் மடங்கவோ இழுபடவோ கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மலம் இறுகி நான் முக்கினால் தையல் தெறித்துவிடும்.

உம்மா அந்தப் பாடத்தை வேதம் போல எடுத்துக்கொண்டாள். தாதர் மார்க்கெட்டுக்குப் போய் அடியில்லாத ஒரு மூங்கில் கூடை வாங்கி வந்து, கோழியைக் கவிழ்ப்பது போல என் இடுப்புக்கு மேலே கவிழ்த்து, அதன்மேல் போர்வையைப் போட்டாள். நர்ஸுகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பக்கத்துக் கட்டில்களுக்கும் அதே மாதிரிக் கூடை கேட்டார்கள். தினமும் பப்பாளிப் பழத்தை மசித்து ஊட்டினாள். தூக்கத்தில் நான் கையைக் கொண்டுபோகாதபடி, துப்பட்டியைக் கிழித்து என் மணிக்கட்டுகளைக் கட்டில் கம்பியோடு தளர்வாகக் கட்டினாள். வாப்பா வேலை முடிந்து வந்தால், "சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டுத்தான் பிள்ளையத் தொடணும். தோலு நாத்தம் போகணும்" என்று திருப்பி அனுப்புவாள். வாப்பா கழுவிவிட்டு வந்து கையை நீட்டி அவளிடம் மோந்து பார்க்கச் சொல்வார்.

மாமாவும் ஆப்பிள் பழத்தோடு வந்தார். "குழாயில கால் படாம நில்லுங்க காக்கா" என்று மட்டும் உம்மா சொன்னாள்.

ரப்பர் குழாயை எடுத்த அன்றைக்கு டாக்டரம்மா என்னை வார்டுக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். உம்மாவும் வாப்பாவும் பின்னால் வந்தார்கள். "நின்னுண்டே போ, பயப்படாதே" என்றாள். நின்றேன். எரிந்தது. ஆனால் நேராக, முன்னால், நுனியிலிருந்து வந்தது. எதிர்ச் சுவரில் பட்டுத் தெறித்தது! நான் திரும்பிப் பார்த்தேன். உம்மா துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் அதிகம் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் காலை, முன்னால் வரும்போதே அடிப்பக்கமும் ஈரமானது. தையலோரத்தில் கடுகளவு ஓட்டை. டாக்டரம்மா பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "நீங்க ஒரு குறையும் வைக்கலேம்மா. கட்டு அவ்வளவு சுத்தமா இருந்தது" என்றாள். "குழாய்க்கு மேலே போர்வை மாதிரி இன்னொரு மடிப்புத் தோல் போட்டிருந்தா ஓட்டை விழாது. போத்தறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்லையே. இழுத்துத் தச்ச இடத்துக்கு ரத்தம் போகலே."

உம்மா இதை வீட்டில் வந்து சொன்னபோது மாமா தலையை ஆட்டினார். "நான் அப்பவே சொன்னேன்லா? படைச்சவன் வச்சதுல கை வைக்காதியன்னு. கேட்டியளா?"

அதைக் கேட்டுக்கொண்டு நான் அதே அறையில் படுத்திருந்தேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்கள் உண்டு. கிள்ளிவிட்டு, பிள்ளை ஏன் அழுகிறது என்று தாயிடம் கணக்குக் கேட்கிறவரை நான் அவரிடம்தான் பார்த்தேன். அவர் போன பிறகு வாப்பா, "ஒங்க காக்காதான, நான் என்னத்தப் பேச?" என்றார். "ஒங்க பிள்ளைதான" என்றாள் உம்மா.

நெடுநாள் பொறுத்து, ஓட்டையை அடைக்க மறுபடியும் ஒரு ஆபரேஷன் செய்தார்கள். மறுபடியும் கூடை, பப்பாளி, மணிக்கட்டுக் கட்டு. அடைபட்டது, மறுபடியும் திறந்தது, முன்பைவிடக் கொஞ்சம் சிறியதாக. இனி வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்றார் பெரிய டாக்டர். நான் பள்ளிக்கூடத்துப் பின்சுவருக்கு ஒரு தடவை போனேன். ஒரு கோடு சுவருக்குப் போனது, இன்னொன்று என் பாதத்தில் விழுந்தது. "டேய், இவனுக்கு ரெண்டு பம்புடா!" என்றான் பழைய அந்தப் பையன். அதற்குப் பிறகு நான் உட்கார்ந்தேன். பெரியவர்கள் மறுபடியும் புகழ ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பத்துப் பதினோரு வயதிருக்கும்போது மாமா தன் கடைசிப் பையனுக்குச் சுன்னத் வைத்தார். கூட, மாமியின் தங்கை மகன் ஒருவனும் சேர்ந்துகொண்டான். அதே கிடங்கு, அதே பாய், அதே காகிதத் தோரணம். பெண்கள் திரைக்குப் பின்னால். நான் வாசலில் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பையன்களுக்கும் மாலை போட்ட பிறகு யாரோ, "ரெட்டப்படையா இருக்கே" என்றார்கள். மாமா என்னைப் பார்த்து, "ஏல, போயி நல்ல வெத்திலையா ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார். வெகு சாதாரணமாகச் சொன்னார். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

சந்து முனைக் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் கட்டிலிருந்து ஒன்றை உருவித் துடைத்துக் கொடுத்தார். காசை நீட்டினேன். "ஒத்த வெத்திலைக்கு என்னல காசு? கொண்டு போ" என்றார்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபோதுதான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது. கத்தி பட்டபோது கத்தியிருக்கிறேன், ஆஸ்பத்திரியில் முனகியிருக்கிறேன். அதெல்லாம் வலி. இது வேறு. சும்மா கிடைக்கிற ஒரு இலை. இதற்குப் பதிலாக என்னை உட்கார வைத்தார்கள்.

செம்பின் வாயில் வெற்றிலையைச் செருகினார்கள். பையன்களுக்கு முடிந்ததும் பெரியவர் அதையும் ஒரு வெட்டு வெட்டினார். நுனி பாயில் விழுந்தது. "அல்ஹம்துலில்லாஹ், முடிஞ்சுது" என்றார் மாமா.

திரை விலகியது. உம்மா ஆண்கள் நடுவே நடந்து வந்தாள். துப்பட்டி தலையில் இருந்தது, முகம் முழுக்கத் திறந்திருந்தது. குனிந்து வெற்றிலைத் துண்டை எடுத்தாள், செம்பிலிருந்த பாதியையும் உருவினாள். மாமாவின் கையைப் பிடித்து நிமிர்த்தி, உள்ளங்கையில் இரண்டையும் வைத்தாள்.

"இத ஒட்டுங்க காக்கா" என்றாள்.

"என்ன, பைத்தியமா ஒனக்கு?"

"ஒட்டுங்க. நீங்க தோல் யாவாரி. ஒட்ட முடியாதுன்னு தெரிஞ்சுதான அன்னைக்கி வெட்டச் சொன்னிய?"

மாமா கையை மூடவும் முடியாமல் உதறவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தார். உம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வாப்பா சர்பத் ஜாடியை யார் கையிலோ கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அந்த மாதமே அறையைக் காலி செய்துகொண்டு பம்பாயிலேயே செம்பூருக்குப் போனோம். வாப்பா அதற்குப் பிறகு தோலைத் தொடவில்லை.

ஆனால் அன்றைக்குத் தெருவில் எனக்கு அடக்க முடியாமல் முட்டிக்கொண்டு வந்தது. சாக்கடையோரம் வழக்கம்போல் உட்கார்ந்தேன். பள்ளிவாசலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார். "இந்த வயசுலயே எவ்வளவு பேணுதல்! நல்லா வளத்திருக்கிய பிள்ளய" என்றார் உம்மாவைப் பார்த்து.

உம்மா துப்பட்டியை அகலமாக விரித்து, நான் எழுந்திருக்கும்வரை என்னை மறைத்துக்கொண்டு நின்றாள்.